பெண்கள் மாடி

மாடிப்படியில் கிடந்த செருப்புகளை மஹ்மூதா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். இரண்டே ஜோடி. ஒன்று அவளுடையது, இன்னொன்று எதிர்வீட்டு ஹபீபாவுடையது. கீழே ஆண்களின் செருப்புகள் பள்ளிவாசல் கேட்டைத் தாண்டித் தெரு வரைக்கும் இறைந்து கிடந்தன.

ஜும்மா முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. படியடியில் ஜமாஅத் செயலாளர் ஜலீல் பாய் நின்றார். எதற்காக நிற்கிறார் என்று புரிந்ததும் அவளுக்கு இறங்கவே கால் வரவில்லை.

மூன்று வருஷம் அவர் பின்னாலேயே அலைந்து, மனு மேல் மனு கொடுத்து வாங்கிய மாடி அது. "நபி காலத்துலயே பொம்பளைங்க பள்ளிவாசலுக்கு வந்து தொழுதாங்களே, நாங்க வந்தா என்ன?" என்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவள் அவள்தான். மைசூருக்குக் குடிவந்த இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் குரல் அத்தனை உயர்ந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார் ஜலீல் பாய். "திறந்து மூணு வெள்ளி ஆச்சு. முதல் வெள்ளி ஒம்போது பேரு, போன வெள்ளி நாலு, இன்னைக்கு ரெண்டு. அடுத்த வெள்ளியும் இப்படித்தான்னா மாடியை மதரஸாவுக்கே விட்டுடலாம்னு கமிட்டில பேசறாங்க."

அவர் கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பரிதாபப்பட்டுச் சொன்னார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்க, மஹ்மூதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஸ்வல்ப பொறுங்க பாய். அடுத்த வெள்ளி மாடி நிறைஞ்சிருக்கும்."

"உங்க மருமகளையே காணோமேம்மா?"

"அவளால இன்னைக்கு வர முடியாதுங்க."

அது பொய்யில்லை. மத்தியானம் ஹபீபா வாசலில் நின்று கூப்பிட்டபோது, "எனக்குத் தொழுகை இல்லைங்கக்கா," என்று தஸ்லிமா சொன்னது உள்ளே இவள் காதிலும் விழுந்தது. விலக்கான நாட்களை வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். போன வெள்ளியும் அதற்கு முந்தின வெள்ளியும் ஹபீபாவுக்கு அதே பதில்தான் கிடைத்ததாம்.

ஒரு வகையில் மஹ்மூதாவுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. பக்கவாதம் வந்து படுத்த கணவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மகனுக்கு நஞ்சன்கூடு கம்பெனியில் பகல் ஷிஃப்ட்.

அவமானம் நெஞ்சில் முள்ளாய்க் குத்த, நேராக வீட்டுக்குப் போகாமல் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தாள். முதலில் பத்ருன்னிசா வீடு.

"முதல் வெள்ளி நீங்களும் மருமகளும் வந்தீங்க. அப்புறம் ஏன் ரெண்டு பேரையும் காணோம்?"

"எனக்கு முட்டிவலிங்கக்கா, படி ஏற முடியலை. அவளுக்குக் கைக்குழந்தை."

"குழந்தையை நீங்க வச்சுக்கிட்டு அவளை அனுப்ப வேண்டியதுதானே? ஒரு மணி நேரம்! புருஷன்மாருகூட விட்டுடறாங்க. மாமியாருங்க நாமதான் மருமகளை வீட்டுக் காவலுக்குப் போட்டு வச்சிருக்கோம். நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்வீங்க?"

பத்ருன்னிசாவின் முகம் சுருங்கிப்போயிற்று. உள்கதவுக்குப் பின்னால் மருமகள் குழந்தையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வர்ற வெள்ளி அனுப்பி வைக்கறேங்கக்கா," என்றாள் பத்ருன்னிசா, மெல்ல.

அடுத்தடுத்து இன்னும் மூன்று வீடுகள். எல்லா இடத்திலும் இதே பேச்சு, இதே கேள்வி. நான்கு மாமியார்களைத் தலைகுனிய வைத்துவிட்டு மஹ்மூதா வீடு திரும்பும்போது மணி மூன்றரை. மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அலசிப் போட்ட படுக்கை விரிப்புகள் இரண்டு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. கணவர் துடைத்துவிட்ட முகத்தோடு அயர்ந்து தூங்கினார்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கில் தொழுகைப் பாய் விரித்திருந்தது. அதில் நெற்றி பதித்து தஸ்லிமா தொழுதுகொண்டிருந்தாள்.

மஹ்மூதா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். முதல் வெள்ளியன்று தஸ்லிமாவும் புர்காவைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றாளே! "மாமாவை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் தான் படியிறங்கிப் போனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளில் அந்தக் கேள்வியைக்கூட மஹ்மூதா கேட்கவில்லை.

தஸ்லிமா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினாள். மாமியைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"மாமாவுக்கு ரெண்டு தடவை துணி மாத்தும்படி ஆயிடுச்சு மாமி. அதான் மத்தியான லுஹர் தொழ இவ்வளவு நேரமாயிடுச்சு."

மஹ்மூதா கட்டிலருகே வந்தாள்.

"உனக்குத் தொழுகை இல்லைன்னு ஹபீபாகிட்டச் சொன்னியே, தஸ்லிமா... மூணு வாரமா?"

பொய் பிடிபட்டுப்போனவள்போல தஸ்லிமா தலையைக் குனிந்துகொண்டாள். பாயை மடித்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்:

"பின்ன, 'எங்க மாமி விடலை'ன்னா சொல்ல முடியும்?"