பழுப்புக்குள் ஒரு விரல்

"அழுக்கெல்லாம் போயிடணும். புதுசு மாதிரி வெள்ளையா வேணும்மா," என்று சொல்லிவிட்டுத் தேவசகாயம், பழம்பொருள்களைப் புதுப்பிக்கும் ஜெசிந்தாவின் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பிறக்குமுன்பே கப்பலேறிப் போய்த் திரும்பாத அப்பா விட்டுச்சென்ற புகைக்குழாய் அது. அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதைச் செதுக்கியிருந்த மீர்ஷாம் என்னும் மெத்தென்ற வெள்ளைக்கல், புகை ஊறி ஊறித் தேன் நிறமாகியிருந்தது. ஜெசிந்தா ஒரு பக்கத்தை வெள்ளையாகத் தேய்த்தாள். மெருகு ஏறுமா என்று பார்க்க, உருக்கிய தேன்மெழுகில் முக்கி இடுக்கியால் எடுத்தாள். தேய்க்காத பக்கத்தில், பழுப்பின் அடியிலிருந்து ஒரு கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக மேலெழுந்து வந்தது. மூச்சுக்காற்று படாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், இங்க வாங்க. பிடிச்சுக் குடிச்சவரோட விரல் இது."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மிச்சத்தையும் தேய்க்கவா?"

அவர் விரலை ரேகையருகே கொண்டுபோனார். "தொட்டா அழிஞ்சிடுமா?" என்றார்.

"அழியாது. ஆனா கல்லு இன்னும் சூடா இருக்கு. இப்பத் தொட்டா உங்க ரேகையும் அதுல பதிஞ்சிடும்."

தேவசகாயம் வலது கட்டைவிரலைச் சட்டையில் மெல்லத் துடைத்துக்கொண்டார்.