டீச்சருக்கு எடுத்த சேலை

"இதைவிட ஒசத்தியா காட்டுங்க. எங்க பொண்ணோட மிஸ்ஸுக்குக் குடுக்கறது, ஏனோதானோன்னு இருக்கக் கூடாது."

ராசிபுரத்து ஜவுளிக்கடையில் நர்மதா மறுபடியும் இதையே சொன்னாள். தீபாவளிக் கூட்டம் முதுகை நெருக்கியது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் இன்னொரு சாஃப்ட் சில்க்கை உதறிப் போட்டார்.

போன தீபாவளிக்குப் பெண்ணின் மெட்ரிக் ஸ்கூல் மிஸ்ஸுக்கு வெறும் ஸ்வீட் பாக்ஸோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னாலும் நர்மதா நம்பத் தயாராக இல்லை. நல்ல சேலையாகப் போனால் பெண் முன் பெஞ்சுக்கு வந்துவிடும். லஞ்சம்தான், பின்னே என்ன? நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதனால் நினைப்பதை விட்டுவிட்டுச் சேலையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லுங்களேன்."

பக்கத்தில் நின்ற பெண்ணின் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. தறியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். பெயர் அங்காளம்மாளாம், கேட்காமலே சொன்னாள்.

"நானும் டீச்சருக்குத்தானுங்க எடுக்கறேன். அவங்கல்லாம் எப்படிக் கட்டுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்? நீங்க படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க."

"எந்த ஸ்கூல்?"

"எங்கூரு கவர்மெண்டு ஸ்கூலுங்க."

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க எதுக்குங்க சேலை? கை நிறையச் சம்பளம் வாங்கறாங்க, எனக்குத் தெரியாததா? ஒரு கிலோ மிக்சர் போதும்."

"அப்படிச் சொல்லாதீங்க." அங்காளம்மாளின் முகம் சுருங்கிப் போனது. "பையனை வேன்ல போற ஸ்கூல்லதான் போட்டிருந்தோம். மே மாசம் அந்த டீச்சர் ஊடு ஊடா வந்து புள்ளைங்களைச் சேர்த்தாங்க. நான் தறிக்குப் போயிட்டேன், எங்க ஊட்டுக்காரருதான் பேசினாரு. 'உங்க புள்ளைய எங்க போட்டிருக்கறீங்க'ன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டுப்போட்டாரு. 'எம்பொண்ணும் நம்ம ஸ்கூல்லதான் படிக்குது'ன்னு சொன்னாங்களாம். டீச்சரே தம்புள்ளைய நம்பிப் போட்டிருக்கறப்ப நமக்கென்னன்னு உடனே டி.சி. வாங்கிட்டோம்."

சேலையைத் தடவிக்கொண்டிருந்த நர்மதாவின் கை நின்றது.

"அந்தப் பாப்பாவைப் பையன் இன்னும் பார்க்கலீங்களாம். வேற கிளாசா இருக்குமாட்ட இருக்குதுங்க."

"அவங்க சொன்னதை அப்படியே நம்பிட்டீங்களா?" நர்மதா மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சருங்க! பொய்யா சொல்லப் போறாங்க?"

நர்மதா கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் பெண்ணின் மிஸ்ஸுக்காக எடுத்து வைத்திருந்த சாஃப்ட் சில்க்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. நழுவிப் போய்விடலாம் என்றால் அங்காளம்மாள் அதற்குள் அரக்குக் கரை போட்ட ஒரு பச்சைச் சேலையை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டாள்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க. அட, உங்களுக்குன்னே நெய்தாப்பல இருக்குதுங்க! இதையே எடுத்துக்கறேன்."

"விலை ஜாஸ்திங்க. வேண்டாம், சொன்னாக் கேளுங்க."

"இருக்கட்டுங்க. பையன் இப்ப எழுத்துக்கூட்டிப் பேப்பரே படிக்கறான். அவங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?" அங்காளம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க பேரென்னங்க? நாளைக்கு லீவு போட்டுட்டு நானே நேர்ல போறேன். இன்னார்தான் எடுத்துக் குடுத்தாங்கன்னு எங்க நர்மதா டீச்சர்கிட்டச் சொல்லோணுமுங்க."

நர்மதா தோளிலிருந்த சேலையை எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

"கமலவேணி" என்றாள்.