பாதி விலைப் படகு

“ரெண்டு பேர் போகணும். அவளுக்கு உள்ளங்கால்கூட நனையக் கூடாது. ஊர்ல யாருக்கும் தெரியவும் கூடாது.”

டாமியான் குரலைத் தாழ்த்திச் சொன்னான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத படகுக் கடைக்காரர் சில்வோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அடுத்தவன் பெண்டாட்டியா சார்?”

“ஐயோ, என் பெண்டாட்டிதாங்க. சனிக்கிழமை ஆகப் போறா.”

விஷயம் இதுதான். டாமியான் தலைநகர் லூப்லியானாவில் பல் டாக்டர். நேஜா லிபாவா என்ற மலையூர்ப் பெண். அங்கே வெளியூர் மாப்பிள்ளை வந்து பெண்ணைக் கூட்டிப் போனால், கல்யாணமாகாத ஆண்கள் எல்லாம் ஊர் எல்லையில் கயிறு கட்டி மறிப்பார்கள். மாப்பிள்ளை ஒரு முழு மரக்கட்டையை ஊரே பார்க்க ரம்பத்தால் அறுத்துப் போட்டால்தான் வழி விடுவார்கள்.

டாமியான் இதுவரை கையில் பிடித்த பெரிய ஆயுதம் பல் பிடுங்கும் குறடு. நேஜாவின் அக்கா புருஷன் பாதிக் கட்டையில் மூச்சு வாங்கி உட்கார்ந்ததை ஊர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறது. நேஜா முன்னால் தனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று அவன் நிஜமாகவே பயந்தான்.

அதனால்தான் கொல்லைப்புற ஓடை வழியாக நழுவும் திட்டம். எல்லைக்கு அப்பால் பாலத்தடியில் நண்பன் காரோடு நிற்பான். “எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் தப்பிச்சதில்ல” என்று சிரித்தபடியேதான் நேஜா சம்மதித்தாள்.

“எந்த ஓடை சார்?” என்றார் சில்வோ.

“லிபாவா ஊருக்குப் பின்னாடி ஓடுதே, அது.”

“அதுல தண்ணியைவிடப் பாறைதானே அதிகம்.”

டாமியான் மீன் படம் போட்ட, காற்றடைத்த மலிவான ரப்பர் படகு ஒன்றைத் தடவிப் பார்த்தான்.

“அது குளத்துக்கு. எங்க பாறையைப் பார்த்தாலே அழுதுடும்” என்று சில்வோ உள்ளேயிருந்து சாம்பல் நிறப் படகு ஒன்றை இழுத்து வந்தார். “சுற்றுலாக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டது. அடித்துணி ரெட்டை. காத்து மூணு அறையில தனித்தனியா நிக்கும். ஒண்ணு கிழிஞ்சாலும் மிச்சம் ரெண்டும் கரை சேர்த்துடும். உதைச்சுப் பாருங்க.”

டாமியான் உதைத்தான். கால் கட்டைவிரல்தான் வலித்தது. விலையைக் கேட்டதும் முகமும் சுருங்கியது.

“கல்யாண மாப்பிள்ளை, பாதி விலை குடுங்க போதும்” என்றார் சில்வோ. “மீதி எனக்கு வேற வழியில வந்துடும்.”

மலைக்காரர்களுக்குத்தான் எவ்வளவு வெள்ளை மனசு என்று டாமியான் நெகிழ்ந்து போனான்.

சனிக்கிழமை காலை, கல்யாண உடுப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு நேஜா படகில் ஏறினாள். படகு பாறைக்குப் பாறை முட்டியது, உரசியது, எகிறியது. ஒரு கீறல் விழவில்லை. தூரத்தில் அக்கார்டியன் சத்தம் கேட்டது.

“பார்த்தியா, உங்க ஊரு முழுக்க ரோட்டுல காத்துக்கிட்டு நிக்குது” என்றான் டாமியான். சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நேஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பாட்டுச் சத்தம் ஏனோ தேயாமல் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஓடை திரும்பியது. கரைக்குக் கரை பூச்சுற்றிய கயிறு. நடுவில் இரண்டு பாறைகள்மேல் கிடத்திய பெரிய மரக்கட்டை. இரு கரையிலும் ஊர் கூடியிருந்தது. முழங்கால் தண்ணீரில் ஒருவர் நீண்ட ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“சில்வோ அண்ணே, கட்டை போன தடவையைவிடப் பெருசா இருக்கே” என்றாள் நேஜா.

சில்வோ ரம்பத்தின் ஒரு பிடியை டாமியானிடம் நீட்டினார்.

“மீதிப் பாதி விலை, மாப்பிள்ளை. அறுங்க.”