குதிரைகளுக்கு எதிரே
மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நிற்கிறாள் ஜிபார்குல். முப்பது வருடம் தபாலாபீசில் முத்திரை குத்திய கை, ஓய்வு பெற்றபின் தேடியெடுத்த பழைய ஃபிலிம் கேமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. செத்த ஆட்டின் உடலைக் குதிரைமேல் இருந்தபடியே ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்கும் போட்டியில் இருபது குதிரைகள் வெயிலில் புழுதி பறக்க அவளை நோக்கியே வருகின்றன. “அண்ணி, வந்துருங்க! பேரனுக்குத் தொட்டில் ஆட்டுற வயசுல இதெல்லாம் தேவையா?” என்று கத்துகிறான் கொழுந்தன் குபாத். “நீ போய் ஆட்டு!” குதிரை மூச்சு முகத்தில் சுடுகிறது. அவள் அசையாமல் பொத்தானை அழுத்துகிறாள். குதிரைகள் இருபுறமும் விலகிப் பாய்கின்றன. ஓடிவந்த குபாத் கேமராவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். அதில் பார்க்கிற துவாரம் தனி, லென்ஸ் தனி. லென்ஸின் மூடியைக் கழற்றவே மறந்திருக்கிறாள். இப்போது அதைக் கழற்றி அவன் உள்ளங்கையில் திணிக்கிறாள். “சிரிச்சது போதும், இதப் பத்திரமா வெச்சிரு.” கோட்டைத் தாண்டி, இன்னும் இரண்டடி முன்னால் போய் நிற்கிறாள்.