வலிக்குதாம்

தபித்தாள் சிஸ்டர் நாக்கை நீட்டச் சொன்னார். கனிஷ்கா நீட்டினாள்.

"நாக்கும் நல்லா இருக்குது, காதும் கேக்குது. சொன்னா சொன்னபடி செய்யறாளே!"

"அப்புறம் ஏனுங்க சிஸ்டர் வாயே திறக்க மாட்டேங்கறா?" என்றாள் தாரிணி.

கனிஷ்காவுக்கு ரெண்டரை வயது. இன்னும் மம்மி என்றுகூட அழைத்ததில்லை.

நடுவட்டம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் டிஸ்பென்சரி அது. தாரிணிக்கு அதே எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை, கணவன் சரத்துக்கு ஃபேக்டரியில். பகலில் மகளை எஸ்டேட் கிரச்சில் விட்டுவிடுவாள். போன வாரம் கிரச் ஆயா ராக்கம்மா ஒன்று சொன்னாள்.

"பாப்பா மத்த பிள்ளைகளோட என்னமோ உளறிக்கிட்டே இருக்குதுங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

அன்றிலிருந்து தாரிணிக்குத் தூக்கம் இல்லை. கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்ட, சிஸ்டரிடம் சீட்டு எழுதி வாங்க வந்திருந்தாள்.

சிஸ்டர் பேனாவை எடுத்தபோது கதவு திறந்தது. பனிமூட்டத்திலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருக்கும் பூல்மணி. முதுகில் துணியால் கட்டியிருந்த கைக்குழந்தை வீறிட்டது.

பூல்மணி படபடவென்று ஏதோ சொன்னாள். சிஸ்டருக்குக் கொஞ்சம் ஹிந்தி வரும். இது ஹிந்தி இல்லை. சிஸ்டர் குழந்தையின் வயிற்றைத் தொட்டுக் கேட்டார். பூல்மணி தலையை ஆட்டினாள். ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை.

"வயித்து வலியாத்தான் இருக்கும்." சிஸ்டர் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினார்.

"காது வலிக்குதாம்."

திருகிய கை நின்றது.

பேசியது யாரென்று தாரிணிக்கு முதலில் விளங்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

பெஞ்சில் கால்களை ஆட்டியபடி கனிஷ்கா தன் காதைப் பிடித்துக் காட்டினாள். "இந்தக் காது."

சிஸ்டர் கைக்குழந்தையை வாங்கி அந்தக் காதில் டார்ச் அடித்தார். உள்ளே செக்கச்செவேலென்று சிவந்து சீழ் வைத்திருந்தது.

"ஆண்டவரே! வலிக்குதுன்னு சொல்லல, கவனிச்சீங்களா? வலிக்குதாம்னு சொல்றா. அந்தம்மா பேசறதக் கேட்டு நமக்குச் சொல்றா."

கிரச்சில் பாதிக்கு மேல் ஜார்க்கண்ட் பிள்ளைகள். ராக்கம்மாவுக்குப் புரியாத உளறல் எந்த ஊர்ப் பேச்சு என்பது தாரிணிக்கு இப்போது புரிந்தது.

அவளுக்குப் புரியாதது மகள் பேசிய தமிழ்தான். அதை இவள் எப்போது கற்றாள்? சமையலறையில் தானும் சரத்தும் பேசும்போதா? ஃபோனில் ஊருக்குப் பேசும்போதா? அப்போதெல்லாம் பிள்ளை ஏதோ ஒரு மூலையில் விளையாடிக்கொண்டுதான் இருந்தது.

தாரிணி மகளின் முன்னால் மண்டியிட்டாள். வாய்வரை வந்த ஆங்கிலத்தை விழுங்கிக்கொண்டாள்.

"எப்ப இருந்து வலிக்குதுன்னு கேளு, அம்மிணி."

பிள்ளை அறிவாளியாக வளர வேண்டும், அதனால் அவளிடம் ஆங்கிலம் மட்டுமே பேசுவது என்று பிறந்த அன்றே தாரிணியும் சரத்தும் முடிவு செய்திருந்தார்கள். மகளோடு அவள் தமிழில் பேசியது இதுதான் முதல் தடவை.

கனிஷ்கா அம்மாவின் வாயையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பூல்மணியிடம் திரும்பி அவர்கள் பேச்சில் என்னவோ சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பூல்மணி, தாரிணியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"என்ன கண்ணு சொன்ன?"

"எங்கம்மாவுக்குப் பேச்சு வந்துருச்சுன்னு."