குதிரை விளக்கு

"வச்சது வச்சதுதான் டாக்டர். இங்க திருப்பிக் குடுக்கற வழக்கமே கிடையாது."

கூடத்துப் பொறுப்பாளர் இதைச் சொல்லிவிட்டு, மூடியோடு பாட்டிலைத் தொட்டிக்குள் போடப் போன ஒருவரைப் பார்த்து, "மூடியைக் கழட்டிட்டுப் போடுங்க சார்!" என்று குரல் கொடுத்தார்.

பல் டாக்டருக்கு வியர்த்தது. நகராட்சியின் குப்பை பிரிக்கும் மையத்துக்கு அவர் புதியவர் அல்ல. காகிதம் ஒரு தொட்டி, கண்ணாடி ஒரு தொட்டி, காய்கறித் தோல் உரக்குழிக்கு என்று வாராவாரம் ஒழுங்காகக் கொண்டுவந்து போடுகிறவர்தான். மையத்தின் மூலையில் ஒரு தகரக் கூடம் உண்டு. நல்ல நிலையில் இருந்தும் நமக்கு வேண்டாத சாமானை அங்கே வைக்கலாம். வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துப் போகலாம். நேற்று மாலை, மனைவி வெளியே போன நேரம் பார்த்து, டாக்டர் அங்கே ஒரு குதிரையை வைத்துவிட்டு நழுவியிருந்தார்.

"குதிரைன்னா, அந்த விளக்குக் குதிரைதானே?"

"அதேதாண்ணே. முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும். ஸ்விட்சைப் போட்டா வாய்க்குள்ள பல்பு எரியும்."

"மறக்க முடியுமா? எரிய விட்டுப் பார்த்தேன். குடிச்சுக்கிட்டு இருந்த டீ உள்ள இறங்கல."

"புது வீட்டுக்கு வந்தப்ப எங்க மாமியார் குடுத்ததுண்ணே. பெரிய கடையில நாள் பூரா தேடித் தேடி வாங்கினாங்களாம். இன்னிக்குக் காலையில திடீர்னு போன் பண்ணி, நாலு மணிக்கு வர்றேன்னுட்டாங்க. வந்ததும் கண்ணு குதிரையைத்தான் தேடும்."

"அப்புறம் எதுக்கு சார் இங்க கொண்டாந்தீங்க?"

"ஒரு வருஷமா நடு ஹால்ல நின்னு பல்லைக் காட்டுது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பல்லையே பார்த்துட்டு வீட்டுக்கு வர்றவன் நான்!"

பொறுப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். "போன வருஷமும் இதே மாதிரி ஒண்ணு இங்க வந்துச்சு. அதுவும் சட்டுனு போயிடுச்சு."

"அது ஏதாவது மட்டமான சாமானா இருக்கும். இது உசந்த ரகம்" என்றார் டாக்டர் வெடுக்கென்று. பிடிக்காத குதிரையே ஆனாலும் மாமியார் வீட்டுக் குதிரையை அடுத்தவர் மட்டம் தட்டினால் ரோஷம் வரத்தானே செய்கிறது.

"எடுத்தது யாருன்னாவது சொல்லுங்கண்ணே. கையைப் பிடிச்சுக் கேட்டு வாங்கிக்கறேன்."

"யார் வச்சா, யார் எடுத்தா, மூச்சு விட மாட்டோம். அதனாலதான் கௌரவம் பார்க்கறவங்களும் இங்க வர்றாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இன்னிக்குக் காலையில கதவைத் திறந்ததுமே எடுத்துட்டாங்க. பார்த்த உடனே முகத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க! பச்சைக் குழந்தையைத் தூக்கற மாதிரி அணைச்சுத் தூக்கிட்டுப் போனாங்க."

டாக்டர் அங்கிருந்த பழைய ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்களேன்" என்றார் பொறுப்பாளர், மனம் இளகி.

"ஒடைஞ்ச துண்டு எங்கேம்பாங்க. போன மாசம் துடைக்கறப்ப காது மட்டும் ஒடைஞ்சுது. அதுக்கே பயந்துபோய், கிளினிக்லேருந்து பல் அடைக்கற சிமெண்டைக் கொண்டாந்து ஒட்டி வச்சேன்."

"குதிரைக் காதுக்குப் பல் சிமெண்டா?"

"அவசரத்துக்குக் கையில இருந்தது அதானே! நீங்க சிரிக்கறீங்க. அவங்க குடுத்த மேசை விரிப்பை விரிக்காம உள்ள வச்சதுக்கு, பெத்த பொண்ணுகிட்டயே மூணு மாசம் பேசலை. பாவம், என் மனைவி அழுது அழுது கண்ணு வீங்கிப் போச்சு. நான் அவகிட்ட குதிரை ரிப்பேர்ல இருக்குன்னு புளுகி வச்சிருக்கேன்."

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க டாக்டர். பல்லைப் பிடுங்கற மாதிரிதான். ஒரே இழுப்பு, முடிஞ்சுது."

அடுத்தவருக்குப் பிடுங்குவது எவ்வளவு சுலபம் என்று டாக்டருக்கு அன்றுதான் புரிந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"குதிரை எங்கங்க?"

"அது வந்து..."

"வந்து போயின்னு இழுக்காதீங்க. அம்மா தெருமுனையில வந்துட்டாங்க. அவங்க முகம் சுருங்கினா என்னால தாங்க முடியாது, ஆமா."

அவர் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. மாமியார் ஒரு பெரிய பொட்டலத்தோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. இவ்வளவு சந்தோஷமாக வந்திருப்பவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று டாக்டர் தயங்கினார். ஆனாலும் மனைவியைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்தது. பழி தன்னோடு போகட்டும்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நீங்க குடுத்தீங்களே, அந்தக் குதிரை..."

"அதெல்லாம் அப்புறம் மாப்பிள்ளை. மொதல்ல இதைப் பிரிங்க."

டாக்டர் பிரித்தார். காகிதத்துக்குள்ளிருந்து முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் காட்டியபடி ஒரு குதிரை எட்டிப் பார்த்தது. அதன் இடது காதின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு. உலகத்தில் வேறு எந்தக் குதிரைக்கும் அந்த இடத்தில் பல் சிமெண்ட் இருக்க வாய்ப்பில்லை.

"அதே பெரிய கடைதான் மாப்பிள்ளை! போன தடவை அங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னிக்குக் காலையில எதேச்சையா போறேன், இன்னொண்ணு நிக்குது. விலையை மட்டும் கேக்காதீங்க" என்று பெருமை பொங்கச் சொல்லிவிட்டு, மாமியார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எங்க, பழைய குதிரையையும் கொண்டாங்க. ரெண்டையும் ஜோடியா நிறுத்தி அழகு பார்ப்போம்!"