எடுக்காத போன்

ஏரம்பர் போனை எடுக்கவில்லை.

றஜனி திரும்பவும் அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது. மற்ற நாட்களில் மணி அடித்த கையோடு எடுத்து, ‘ஓம் பிள்ளை, இருக்கிறன்’ என்பார்.

தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தாள். வீட்டில் போட்டிருந்த சட்டையோடேயே ஸ்கூட்டியை எடுத்தாள்.

உடுப்பிட்டியில் அவள் சேர்ந்திருந்த சேவைக் கழகம் ஏழைகளுக்கு மூக்குக் கண்ணாடி கொடுக்கும். முன்பள்ளிக்குக் கூரை போட்டுக் கொடுக்கும். இந்த வருடம் புதிதாக ஒரு திட்டம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியே கிடக்கும் வயதானவர்களுக்குக் காலையில் ஒரு போன். ஒரு அங்கத்தவருக்கு ஒருவர். போன் இல்லாத வீடுகளுக்குக் கழகமே போனும் எடுத்துக் கொடுத்தது.

தாய் செத்து ஒரு வருடத்தில் வந்த ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு றஜனி கழகத்தில் சேர்ந்தாள். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை.

வரவேற்புக் கூட்டத்தில் தலைவரின் மனைவி அவளுடைய சேலையில் கழகச் சின்னத்தைக் குத்திவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வடையும் தேத்தண்ணியும் முடிந்ததும் சோடி சோடியாக மோட்டார் சைக்கிள்களில் ஏறிப் போனார்கள். அவள் கேற்றடியில் நின்று எல்லோருக்கும் கை காட்டினாள்.

அன்றைக்குத்தான் தொண்டைமானாற்று ஏரம்பரை அவளுக்குக் கொடுத்தார்கள்.

சந்நிதி கோயில் பக்கம் திரும்பும்போது கடற்காற்று முகத்தில் அடித்தது. கதவு பூட்டியிருந்தால் யாரைக் கூப்பிடுவது, கனடாவில் இருக்கும் மகளுக்கு யார் சொல்வது என்றெல்லாம் மனம் ஓடியது. தாயை அப்படி ஒரு காலையில் தொட்டுப் பார்த்த கை, ஸ்கூட்டியின் பிடியில் குளிர்ந்துபோயிருந்தது.

கதவு திறந்தே கிடந்தது.

ஏரம்பர் விறாந்தையில் இருந்தார். முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். போன் கைக்கெட்டும் தூரத்தில். அவருக்கு முன்னால் இன்னொரு கதிரை போடப்பட்டிருந்தது.

“கோவிக்காதையும் பிள்ளை,” என்றார். “எடுக்காட்டி ஆரும் வருவினமோ எண்டு பாத்தனான்.”

ஏசத்தான் வாயெடுத்தாள். பிறகு அந்தக் கதிரையில் போய் இருந்தாள்.

அவர் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கடலுக்குள் தடி நட்டு வலை கட்டிய களங்கண்ணியில் மீன் பட்ட காலத்தைப் பற்றிக் கதைத்தார். மகள் ஞாயிறுகளில் எடுப்பாள் என்றும், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது என்றும் சொன்னார். வெயில் ஏறும்வரை அவள் எழும்பவில்லை. அவள் புறப்படும்போது, இனி இப்படிச் செய்யமாட்டன் என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அடுத்த நாள் காலை, வழக்கமான நேரத்துக்கு றஜனி போனைக் கையில் எடுத்தாள்.

அடிக்கவில்லை.

மேசையில் வைத்துவிட்டு அதற்கு முன்னால் இருந்தாள். முகம் கழுவி, நல்ல சேலை ஒன்று உடுத்தியிருந்தாள்.

முற்றத்தில் வெயில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பாண் விற்பவனின் வண்டிப் பாட்டு ஒழுங்கையால் வந்து, திரும்பிப் போனது. போன் பேசாமல் கிடந்தது.

அவருக்கும் நான் ஒரு கழகத்துப் பிள்ளைதானே என்று நினைத்தாள்.

பிறகுதான் உறைத்தது. கழகம் கொடுத்த அந்தப் போனில் அழைப்பவரின் இலக்கம் விழாது. இத்தனை மாதத்தில் அவள் தன் இலக்கத்தை அவருக்குச் சொன்னதே இல்லை.

உடனே அடித்தாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை.

“பிள்ளை, உமக்கு என்னவும் நடந்திட்டுதோ? உம்மடை வீடும் தெரியாது, நம்பரும் தெரியாது. நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

தாய் போனபிறகு அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உடுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று, மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.